நாவலுக்கு முன்னால் நிற்கும் ஒற்றைப் பக்கம்

1930களின் தொடக்கத்தில் ஒரு நாவல் மைசூரிலிருந்து கப்பலேறி இங்கிலாந்துக்குப் போவதும் மறுக்கப்படுவதுமாக இருந்தது. எழுதியவர் ஆர். கே. நாராயணசாமி, சென்னையில் பிறந்து மைசூரில் வாழ்ந்த தமிழ் இளைஞர். பதிப்பகங்கள் ஒவ்வொன்றாகக் கைவிரித்தன. மனம் சலித்துப்போன அவர், ஆக்ஸ்ஃபர்டில் படித்துக்கொண்டிருந்த நண்பர் பூர்ணாவுக்கு, கைப்பிரதியோடு ஒரு கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் எறிந்துவிடும்படி எழுதினார். பூர்ணா அப்படிச் செய்யவில்லை. அப்போது ஆக்ஸ்ஃபர்டில் குடியிருந்த நாவலாசிரியர் கிரஹாம் கிரீனிடம் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார். கிரீன் படித்தார், பிடித்துப்போய்ப் பரிந்துரைத்தார். 1935இல் ஹாமிஷ் ஹாமில்டன் பதிப்பகம் அதை வெளியிட்டது. அதுதான் ‘சுவாமியும் நண்பர்களும்’. நாராயணசாமி நாராயண் ஆனது கிரீன் சொல்லித்தான். டேவிட் ஹையம் என்ற இலக்கிய முகவர் நாராயணுக்குக் கிடைத்ததும் கிரீன் வழியாகத்தான்.

இதை அதிர்ஷ்டக் கதையாகச் சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. பூர்ணா அன்று செய்தது ஒரு முகவரின் வேலை: கைப்பிரதியை, அதைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒருவரின் கையில் சேர்ப்பது. இன்று லண்டனிலும் நியூயார்க்கிலும் அது ஒரு பெருந்தொழில். ஆங்கிலத்தில் நாவல் எழுதும் எவரும், எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், பெரிய பதிப்பகத்தை எட்ட வேண்டுமென்றால் அந்தத் தொழிலின் வாசல் வழியாகத்தான் போயாக வேண்டும். கிரீனின் கைக்குப் போனது நாவல். இன்றைய முகவரின் கைக்கு முதலில் போவது நாவலைப் பற்றிய ஒரு பக்கக் கடிதம். மறுப்புகளில் பெரும்பாலானவை அந்தக் கடிதத்துக்கோ முகவரின் வரவுசெலவுக் கணக்குக்கோ உரியவை. எழுத்தாளரோ அதைத் தன் நாவலின் மீது எழுதப்பட்ட தீர்ப்பாக எடுத்துக்கொண்டு நொறுங்கிப்போகிறார். இந்தத் தவறான புரிதலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முகவர் தொழிலுக்கு ஏறக்குறைய 150 வயது. லண்டனில் 1875 வாக்கில் ஏ. பி. வாட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அதைத் தொடங்கிவைத்தார். நாவலாசிரியர் ஜார்ஜ் மெக்டொனால்டு தன் கதைகளை விற்றுத் தரும்படி நண்பர் என்ற முறையில் கேட்டதிலிருந்து அது ஆரம்பித்தது என்பார்கள். கமிஷன் நூற்றுக்குப் பத்து. தாமஸ் ஹார்டியும் கிப்ளிங்கும் கானன் டாயிலும் அவரிடம் வந்தார்கள். 1896இல் ஜே. பி. பிங்கர் கடை விரித்தார். ஹென்றி ஜேம்ஸும் ஜோசப் கான்ராடும் அவருடைய எழுத்தாளர்கள். கான்ராடின் நாவல்கள் விற்காத ஆண்டுகளில் பிங்கர் திரும்பத் திரும்பக் கடன் கொடுத்து அந்தக் குடும்பத்தைத் தாங்கினார். அந்தக் கடன் மலைபோல் ஏறி இருவருக்கும் சண்டை மூண்டதும் உண்டு. ஆனாலும் அந்தக் கடன் இல்லாமல் கான்ராடின் நாவல்களில் எத்தனை முடிந்திருக்கும் என்று தெரியாது. ஓர் எழுத்தாளர் என்றாவது எழுந்து நிற்பார் என்று நம்பிப் பத்தாண்டு காத்திருக்கிற முகவர் அவர்.

பதிப்பாளர்களுக்கு இந்த இடைத்தரகர்களைக் கண்டாலே ஆகாது. வில்லியம் ஹைன்மன் 1890களில் பகிரங்கமாகவே அவர்களைச் சாடினார். காரணம் எளிது. அதுவரை எழுத்தாளர்களில் பலருக்குத் தம் எழுத்தின் சந்தை விலையே தெரியாது. முகவர் வந்தபின் தெரிந்துவிட்டது.

அந்தப் பகை 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சார்பாக மாறியது. பதிப்பகங்களில் அழைக்கப்படாமல் வந்து குவியும் கைப்பிரதிகளுக்கு ஆங்கிலத்தில் ‘ஸ்லஷ் பைல்’ என்று பெயர். ஸ்லஷ் என்றால் பாதி உருகிச் சேறாகிப்போன பனி. பெயரிலேயே மதிப்பீடு இருக்கிறது. அந்தக் குவியலைப் படிக்கச் சம்பளம் கொடுத்து ஆள் வைப்பதைவிட, முகவர்கள் சலித்துத் தருவதை மட்டும் படிப்பது லாபம் என்று பதிப்பகங்கள் கண்டுகொண்டன. 1976இல் ஜூடித் கெஸ்ட் எழுதிய ‘ஆர்டினரி பீப்பிள்’ நாவலை வைக்கிங் பதிப்பகம் வெளியிட்டபோது அது செய்தியானது. முகவர் இல்லாமல் தபாலில் வந்த ஒரு நாவலை அந்தப் பதிப்பகம் ஏற்றுக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. பின்னால் ராபர்ட் ரெட்ஃபோர்டு அதைப் படமாக்கினார், ஆஸ்கரும் கிடைத்தது. அப்போதும் கதவு திறக்கவில்லை. 2001இல் அமெரிக்காவில் தபால் உறைகளில் ஆந்த்ராக்ஸ் கிருமி வந்தபிறகு, முன்பின் தெரியாதவர்களின் உறைகளைப் பிரிக்காமல் இருக்கப் பதிப்பகங்களுக்கு இன்னொரு காரணமும் கிடைத்தது. இன்று ஐந்து பெரும் பதிப்பகக் குழுமங்களும் ஏறக்குறைய முகவர் வழியாக வருவதை மட்டுமே படிக்கின்றன. எழுத்தாளரின் வக்கீலாகப் பிறந்தவர், பதிப்பகத்தின் வாயிற்காவலராகவும் ஆகிவிட்டார். அந்தக் காவலுக்கு யாரும் அவருக்குச் சம்பளம் தருவதில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இனி அந்தக் கடிதத்துக்கு வருவோம்.

ஒருவர் நான்காண்டு உழைத்து 95,000 சொற்களில் ஒரு நாவலை முடித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முகவருக்கு அவர் அனுப்ப வேண்டியது ‘க்வெரி’ என்று சொல்லப்படும் கடிதம், 300 சொற்களுக்குச் சற்று முன்பின்னாக. முகவரைப் பெயர் சொல்லி விளிக்க வேண்டும். இத்தனை பேர் இருக்கும்போது ஏன் உங்களுக்கு அனுப்புகிறேன் என்று ஒரு வரி. நாவலின் தலைப்பு, வகை, சொல் எண்ணிக்கை. பிறகு இரண்டு பத்திகளில் கதை: மையப் பாத்திரம் யார், அவருக்கு என்ன வேண்டும், குறுக்கே நிற்பது எது, தவறினால் எதை இழப்பார். முடிவைச் சொல்லக்கூடாது. கடைசியில் தன்னைப் பற்றி இரண்டு வரி. அமெரிக்க முகவர் பலர் நாவலின் முதல் ஐந்து அல்லது பத்துப் பக்கங்களை மின்னஞ்சலுக்குள்ளேயே ஒட்டி அனுப்பச் சொல்வார்கள். வைரஸ் பயத்தால் இணைப்புக் கோப்புகளைத் திறப்பதில்லை. பிரிட்டனில் பெரும்பாலும் முதல் மூன்று அத்தியாயங்களும் ஒரு பக்கக் கதைச்சுருக்கமும் கேட்பார்கள். அந்தச் சுருக்கத்தில் முடிவைச் சொல்லியே ஆக வேண்டும். சிலர் க்வெரி மேனேஜர் என்ற இணையப் படிவம் வழியாக மட்டுமே வாங்குவார்கள். ஒவ்வோர் அலுவலகத்துக்கும் ஒரு விதி. ஐம்பது பேருக்கு அனுப்புகிறவர் ஐம்பது விதமாக உறை கட்ட வேண்டும். ஒரு விதி பிசகினாலும் படிக்காமலே தள்ளிவிட அவர்களுக்கு அது போதும்.

இதில் எல்லோரையும் தடுமாற வைக்கிற ஓர் அம்சம் ‘காம்ப்ஸ்’. உங்கள் நாவல் எந்தப் புத்தகங்களைப் போன்றது என்று இரண்டு தலைப்புகளைச் சொல்ல வேண்டும். அவை கடந்த நான்கைந்து ஆண்டுகளுக்குள் வந்தவையாக இருக்க வேண்டும். ஓரளவு விற்றிருக்க வேண்டும், ஆனால் உலகமே அறிந்த நூலாக இருந்தால் தற்பெருமை என்று எடுத்துக்கொள்வார்கள். தஸ்தயேவ்ஸ்கி என்று எழுதினால் முடிந்தது கதை. இதைக் கேட்பதற்கு வியாபாரக் காரணம் இருக்கிறது. பதிப்பக ஆசிரியர் தன் விற்பனைப் பிரிவிடம் போய், இதற்கு முன்னால் இப்படி ஒன்று இத்தனை பிரதி விற்றது என்று காட்டினால்தான் முன்பணத் தொகை முடிவாகும். முகவர் அந்தக் கூட்டத்துக்கான துருப்புச்சீட்டை எழுத்தாளரிடமிருந்தே கேட்கிறார். நியாயம்தான். ஆனால் எதைப் போலவும் இல்லாத ஒரு நாவலை எழுதியவர் இந்த இடத்தில் வாயடைத்து நிற்பார். இலக்கியத்தில் எது பெரும் தகுதியோ, அதுவே இந்தக் கடிதத்தில் குறையாகிவிடுகிறது.

நம் மொழியிலிருந்து ஒன்றை எடுத்துப் பொருத்திப் பாருங்கள். சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’க்கு இப்படி ஒரு கடிதம் எழுத முடியுமா? மையப் பாத்திரம் யார்? மரத்துக்கு என்ன வேண்டும்? அது எதை அடையத் தவிக்கிறது? அந்த நாவலின் உயிர் அது சொல்லப்படும் விதத்தில் இருக்கிறது. அதை 300 சொல்லில் பிழிந்தால் சக்கைதான் மிஞ்சும். மறுபக்கம், கொலை, தேடல், கெடுநாள் என்று நகரும் நாவலுக்கு இந்தக் கடிதம் தானாக அமைந்துவிடும். திரில்லரும் காதல் நாவலும் இந்தச் சல்லடையில் எளிதாக இறங்குவதற்கும், அமைதியான நாவல்கள் சிக்கிக்கொள்வதற்கும் முகவர்களின் ரசனை மட்டும் காரணமில்லை. சல்லடையின் கண்களே அப்படி அமைந்திருக்கின்றன.

முகவரின் பக்கம் நின்றும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். இன்று உள்நாட்டு விற்பனைக்கு அவர் கமிஷன் 15 விழுக்காடு. வெளிநாட்டு உரிமைக்கு வழக்கமாக 20. ஒரு முதல் நாவலுக்கு 10,000 பவுண்டு முன்பணம் கிடைக்கிறது என்று கொள்வோம். முகவருக்கு 1,500. அந்த முன்பணமும் ஒரே நாளில் வராது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது ஒரு பங்கு, திருத்திய பிரதியைக் கொடுக்கும்போது ஒரு பங்கு, கெட்டி அட்டைப் பதிப்பு வரும்போது ஒன்று, மலிவுப் பதிப்புக்கு ஒன்று என்று இரண்டு மூன்று ஆண்டுகளில் வரும். அப்படியென்றால் தவணைக்கு 375 பவுண்டு. இதற்காக அவர் நாவலை மூன்று நான்கு முறை படித்துத் திருத்தம் சொல்லியிருப்பார். இருபது ஆசிரியர்களுக்கு அனுப்பி, விடாமல் நினைவூட்டியிருப்பார். ஒப்பந்தத்தின் ஒவ்வொரு ஷரத்துக்கும் வாதாடியிருப்பார். நாவல் விற்காவிட்டால் ஒரு பைசா கிடையாது. ஆகவே அவருடைய வேலை நேரம் முழுக்க, ஏற்கெனவே கைப்பிடித்த எழுத்தாளர்களுக்கே போகும். புதியவர்களின் கடிதங்களை இரவிலோ ரயில் பயணத்திலோ ஞாயிற்றுக்கிழமையிலோதான் பார்க்க முடியும். பல அலுவலகங்களில் அவற்றை முதலில் பார்ப்பது உதவியாளர், சில இடங்களில் பயிற்சிக்கு வந்த இளைஞர். நான்காண்டு உழைப்புக்கு முன்னால் அங்கே நிற்பது, நாள் முழுதும் உழைத்துக் களைத்த ஒருவரின் இரண்டு நிமிடம்.

மறுப்புக் கடிதங்களில், நாவல் நன்றாக இருக்கிறது, ஆனால் நான் காதல் வயப்படவில்லை என்ற பொருளில் ஒரு வாசகம் அடிக்கடி வரும். புண்பட்ட எழுத்தாளர்களுக்கு அது போலிச் சமாதானமாகத் தெரியும். மேலே சொன்ன கணக்கைப் பார்த்தால் அதில் உண்மை இருப்பது புரியும். 1,500 பவுண்டுக்காக மூன்றாண்டு ஒரு நூலைச் சுமக்க, பிடித்திருப்பது போதாது. பித்துப் பிடித்திருக்க வேண்டும்.

இப்போதெல்லாம் மறுப்புக் கடிதமே அரிதாகிவிட்டது. எட்டு வாரத்தில், பன்னிரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் மறுத்ததாகக் கொள்ளவும் என்று முகவர்கள் தங்கள் பக்கத்தில் எழுதிவைத்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இந்தத் தொழிலில் உள்ள மிகப் பெரிய கொடுமை இந்த மௌனம்தான். கடிதம் போய்ச் சேர்ந்ததா, யாராவது படித்தார்களா, தெரியாது. மறுப்பு ஒரு முடிவையாவது தரும். மௌனம் அதையும் தராது. கடிதம் பிடித்து முழுப் பிரதியைக் கேட்டாலும், அதைப் படித்துப் பதில் சொல்ல மாதங்கள் ஆகும். சிலர் திருத்தி எழுதி மீண்டும் அனுப்புங்கள் என்பார்கள். ஒப்பந்தமும் இல்லாமல் உத்தரவாதமும் இல்லாமல் ஆறு மாதம் உட்கார்ந்து திருத்திய பிறகும் வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. முகவர் கிடைத்துவிட்டாலும் பாதி ஆறுதான் கடந்தாகியிருக்கும். டக்லஸ் ஸ்டுவர்ட்டின் ‘ஷகி பெய்ன்’ நாவலை முப்பதுக்கும் மேற்பட்ட பதிப்பாசிரியர்கள் மறுத்தார்கள். 2020இல் அதற்குத்தான் புக்கர் பரிசு கிடைத்தது.

இந்தச் சல்லடையைச் சிலர் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1970களில் சக் ராஸ் என்ற அமெரிக்கர், ஜெர்சி கொசின்ஸ்கியின் ‘ஸ்டெப்ஸ்’ நாவலைத் தட்டச்சு செய்து, தலைப்பை நீக்கி, வேறு பெயரில் 14 பதிப்பகங்களுக்கும் 13 முகவர்களுக்கும் அனுப்பினார். 1969இல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருது பெற்ற நாவல் அது. ஒருவர்கூட ஏற்கவில்லை, ஒருவர்கூட அடையாளம் காணவுமில்லை. மறுத்தவர்களில் அந்த நாவலை முதலில் வெளியிட்ட ரேண்டம் ஹவுஸும் ஒன்று. 2006இல் லண்டன் சண்டே டைம்ஸ் இதே சோதனையைச் செய்தது. வி. எஸ். நைபாலின் ‘இன் எ ஃப்ரீ ஸ்டேட்’, ஸ்டான்லி மிடில்டனின் ‘ஹாலிடே’ ஆகிய இரண்டு புக்கர் பரிசு நாவல்களின் தொடக்க அத்தியாயங்கள், பாத்திரப் பெயர்கள் மாற்றப்பட்டு, 20 பதிப்பகங்களுக்கும் முகவர்களுக்கும் போயின. ஒரே ஒரு முகவர் மட்டும் மிடில்டனின் பிரதியில் ஆர்வம் காட்டினார். நோபல் பரிசு பெற்ற நைபாலை ஒருவரும் கேட்கவில்லை.

இந்தச் சோதனைகளைக் காட்டி, முகவர்களுக்கு இலக்கியம் தெரியாது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பல ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு காலத்தின் காற்றில் எழுதப்பட்ட பக்கங்கள், அந்தக் காலத்தையும் பெயரையும் உரித்துவிட்டு வந்தால் பழையதாகத் தோன்றுவது இயல்பு. இந்தச் சோதனைகள் காட்டுவது வேறொன்று. பெயர் தெரியாத நிலையில் பக்கங்கள் தாமாகப் பேசுவதில்லை. இவர் முக்கியமானவர் என்று தெரிந்த பிறகு நாம் ஒரு நாவலுக்குத் தரும் பொறுமை, தெரியாதவருக்குக் கிடைப்பதில்லை. வாசகர்களாக நாமும் அப்படித்தான்.

என்னை அதிகம் உலுக்கியது மூன்றாவது சோதனை. 2015இல் கேதரின் நிக்கல்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் அதைப் பற்றி எழுதினார். தன் நாவலுக்கான கடிதத்தைத் தன் பெயரில் 50 முகவர்களுக்கு அனுப்பியதில் இருவர் கைப்பிரதியைக் கேட்டிருந்தார்கள். ஒரு சனிக்கிழமை அவர் ஜார்ஜ் என்ற ஆண் பெயரில் புதிய மின்னஞ்சல் முகவரி ஒன்றைத் தொடங்கினார். அதே கடிதம், அதே பக்கங்கள். ஆறு பேருக்கு அனுப்பினார். 24 மணி நேரத்துக்குள் ஐந்து பதில் வந்தது. மூவர் கைப்பிரதியைக் கேட்டார்கள், மறுத்த இருவரும் அன்போடு மறுத்தார்கள். வார விடுமுறையில் வந்த பதில்கள் அவை. மொத்தம் 50 கடிதம் அனுப்பி முடித்தபோது ஜார்ஜிடம் கைப்பிரதி கேட்டவர்கள் 17 பேர். கேதரினுக்கு அச்சடித்த மறுப்பை அனுப்பிய ஒரு முகவர், ஜார்ஜின் நாவலைக் கேட்டதோடு, அதைத் தன்னைவிட மூத்த முகவருக்கு அனுப்பலாமா என்றும் அனுமதி கேட்டார்.

ஒரே ஒருவர் செய்த சோதனை இது, இதைப் பெரிய ஆய்வாகத் தூக்கிப் பிடிக்க முடியாது. மறுத்த முகவர்களில் பெண்களும் இருந்தார்கள். பெண்ணெழுத்துக்கு எதிராக யாரும் சதி செய்யவில்லை. இரண்டு நிமிடத்தில் முடிவெடுக்க வேண்டியிருக்கும்போது, மனம் தன்னிடம் ஏற்கெனவே உள்ள படங்களைத்தான் எடுத்துப் பார்க்கும். ‘நாவலாசிரியர்’ என்ற சொல்லுக்கு மனத்தில் இருக்கும் முகம், கடிதத்தின் அடியில் உள்ள பெயரோடு பொருந்திவிட்டால் அடுத்த பக்கத்துக்குக் கை போகும். 2019இல் லீ அண்ட் லோ பதிப்பகம் அமெரிக்கப் பதிப்புத் துறையில் நடத்திய கணக்கெடுப்பில், முகவர்களில் 80 விழுக்காட்டினர் வெள்ளையர். யாழ்ப்பாணத்துப் பெயரோ மதுரைப் பெயரோ கடிதத்தின் அடியில் இருந்தால் அது எந்த மனங்களுக்குள் போய் இறங்குகிறது என்பதை இந்த எண்ணோடு சேர்த்து யோசிக்க வேண்டும்.

இலங்கை எழுத்தாளர் ஷெஹான் கருணாதிலக்கவுக்கு நேர்ந்தது இதற்கு நல்ல சாட்சி. உள்நாட்டுப் போர்க் காலக் கொழும்பைப் பற்றி, கொலையுண்ட ஒரு புகைப்படக்காரரின் ஆவி சொல்லும் அவருடைய நாவல் 2020இல் இந்தியாவில் ‘சாட்ஸ் வித் தி டெட்’ என்ற தலைப்பில் வெளிவந்தது. மேற்கில் எடுக்க ஆளில்லை. இலங்கை அரசியல் புரியவில்லை, இங்குள்ள வாசகருக்கு எட்டாது என்றார்கள். பிரிட்டனின் சிறிய பதிப்பகமான சார்ட் ஆஃப் புக்ஸ் முன்வந்தது. பதிப்பாசிரியரோடு சேர்ந்து ஏறக்குறைய இரண்டாண்டு திருத்தி எழுதியபின், ‘தி செவன் மூன்ஸ் ஆஃப் மாலி அல்மெய்தா’ என்று தலைப்பு மாறி வந்தது. 2022இல் புக்கர் பரிசு. எட்டாது என்று சொல்லப்பட்ட அதே வாசகர்கள்தான் வாங்கிப் படித்தார்கள்.

தப்பிப் பிழைத்த நாவல்களின் கதையை விசாரித்தால், பல இடங்களில் விதியை மீறிய அல்லது விதியே தெரியாத ஒரு மனிதர் நடுவில் நிற்பார். 1995இல் ஜே. கே. ரோலிங், நூலகத்தில் முகவரிப் புத்தகத்தைப் பார்த்து கிறிஸ்டஃபர் லிட்டில் என்ற லண்டன் முகவருக்கு மூன்று அத்தியாயங்களை அனுப்பினார். குழந்தைகள் நூலில் காசில்லை என்று அந்த அலுவலகம் அவற்றைக் கையாளுவதே இல்லை. விதிப்படி அது மறுப்புக் கூடைக்குப் போய்விட்டது. அலுவலகப் பணியாளரான பிரையனி ஈவன்ஸ் கூடையைப் புரட்டும்போது ஒரு கறுப்பு நிறக் கோப்பு கண்ணில் பட்டது. சும்மா பிரித்தவர் படிக்க ஆரம்பித்தார். சிரிப்பு வந்தது. மீதியைக் கேட்டு எழுதலாமா என்று முதலாளியிடம் அனுமதி வாங்கினார். அதன்பிறகும் 12 பதிப்பகங்கள் மறுத்தன. ஸ்டெஃபனி மேயர் ‘ட்வைலைட்’ நாவலுக்கு 15 கடிதம் அனுப்பினார். ஐந்துக்குப் பதில் இல்லை, ஒன்பது மறுப்பு. மிஞ்சிய ஒன்று பலித்ததற்கு, இளையோர் நாவல் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்ற வரையறையை அறியாத ஓர் உதவியாளர் காரணம். தெரிந்திருந்தால் சொல் எண்ணிக்கையைப் பார்த்தே தள்ளியிருப்பார்.

கேத்ரின் ஸ்டாக்கெட்டின் ‘தி ஹெல்ப்’ நாவலை 60 முகவர்கள் மறுத்தார்கள், 61ஆவது முகவர் ஏற்று மூன்றே வாரத்தில் விற்றார். இந்தக் கதை எழுத்துப் பட்டறைகளில் விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. விடாமுயற்சி உண்மைதான், தலைவணங்குகிறேன். ஆனால் 61ஆவது கடிதத்தை அனுப்பியவரின் கதை மட்டும்தான் நமக்கு வந்து சேர்கிறது. நாற்பதிலோ ஐம்பத்தைந்திலோ நிறுத்திக்கொண்டவர்களின் நாவல்கள் எவ்வளவு நல்லவை என்று சொல்ல யாரும் இல்லை. அறுபது தபால்தலைக்கும் மூன்றரை ஆண்டுக் காத்திருப்புக்கும் வீட்டில் வசதி இருக்க வேண்டும், தைரியம் சொல்ல ஆள் இருக்க வேண்டும். வாய்ப்பையும் வசதியையும் சேர்த்துச் சொல்லாமல் விடாமுயற்சியை மட்டும் போதிப்பது, விழுந்தவர்கள் மேல் இன்னொரு பழியைப் போடுவது.

ஜமைக்காவின் மார்லன் ஜேம்ஸ் விழுந்தே விட்டவர். ‘ஜான் க்ரோஸ் டெவில்’ என்ற அவருடைய முதல் நாவல் 78 முறை மறுக்கப்பட்டது. உலகம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது என்று நம்பினார். தன் கணினியிலிருந்து அழித்தார். நண்பர்களின் கணினிகளிலிருந்த பிரதிகளையும் தேடிப்போய் அழித்தார். பிறகு ஒருவர் அதைக் கேட்டபோது, பழைய கணினி ஒன்றின் மின்னஞ்சலில், அனுப்பிய கடிதங்களுக்கிடையே ஒரு பிரதி மிஞ்சியிருந்தது. அது 2005இல் வெளிவந்தது. பத்தாண்டு கழித்து இன்னொரு நாவலுக்காக அவர் புக்கர் பரிசு பெற்றார், ஜமைக்கர் ஒருவருக்குக் கிடைத்த முதல் புக்கர். அந்த மின்னஞ்சலையும் துடைத்திருந்தால்?

மறுப்பால் காயம்பட்டவரைச் சுற்றி ஏமாற்றுக்காரர்கள் வட்டமிடுவது எங்கும் உள்ளது. படிப்பதற்குக் கட்டணம் கேட்கிற ‘முகவர்’, தனக்குத் தெரிந்த திருத்துநரிடம் பணம் கட்டினால் ஏற்றுக்கொள்கிறேன் என்பவர், அச்சுச் செலவில் பங்கு கேட்பவர் என்று பல வேடங்கள். அமெரிக்க முகவர்கள் சங்கத்தின் நெறிமுறை படிப்புக் கட்டணத்தைத் தடை செய்திருக்கிறது. நேர்மையான முகவர் நாவலை விற்ற பிறகு, வந்த பணத்திலிருந்துதான் தன் பங்கை எடுப்பார். பணம் எழுத்தாளரை நோக்கித்தான் வர வேண்டும். எதிர்த்திசையில் கேட்டால், ஆள் யாராக இருந்தாலும், உறையை மூடிவிடுங்கள். இந்தியாவிலிருந்து ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு இப்போது உள்நாட்டிலேயே முகவர்கள் இருக்கிறார்கள். பெங்களூரில் ஜகரண்டா 1997இல் தொடங்கப்பட்டது, ஜெய்ப்பூரில் சியாஹி 2007இல். லண்டனுக்கு எழுதும் முன் அங்கும் எழுதிப் பார்க்கலாம்.

தமிழில் எழுதுகிறவருக்கு இந்த வாசல் கிடையாது. நம் நாவலாசிரியர் பதிப்பாளரிடம் நேராகப் போகிறார், அல்லது தெரிந்தவர் ஒருவர் அழைத்துப் போகிறார். அதில் ஒரு நெருக்கம் இருக்கிறது. ஆனால் ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்லவும், ராயல்டிக் கணக்கைக் கேட்டு வாங்கவும், பிறமொழி உரிமையை எடுத்துப்போய்ப் பேசவும் ஆளில்லை. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ அனிருத்தன் வாசுதேவனின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 2018இல் அமெரிக்கத் தேசியப் புத்தக விருதின் நெடும்பட்டியலுக்குப் போனது. ‘பூக்குழி’ 2023இல் சர்வதேச புக்கர் நெடும்பட்டியலுக்குப் போனது. ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சிக்குப் பல ஆண்டுகளாகப் போய்வரும் காலச்சுவடு பதிப்பகத்தின் உழைப்பு அதற்குப் பின்னால் இருக்கிறது. எல்லாப் பதிப்பகங்களுக்கும் அந்தத் தெம்பு இராது. தமிழ்நாடு அரசு 2023 ஜனவரியில் சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சியைத் தொடங்கி, மொழிபெயர்ப்பு மானியமும் அறிவித்தது. உரிமை பேசும் முகவர்களை இங்கேயே பயிற்றுவிக்கும் முயற்சியும் அதையொட்டி எழுந்தது. நம் சூழலில் அண்மையில் நடந்த உருப்படியான காரியங்களில் ஒன்று என்று இதைச் சொல்வேன். கண்காட்சி நடக்கும் சில நாட்களோடு அது நின்றுவிடாமல், ஆண்டு முழுவதும் தமிழ்ப் பிரதிகளைச் சுமந்து திரியும் பத்துப் பேருக்காவது ஊதியம் கொடுக்கும் ஏற்பாடாக வளர வேண்டும். நமக்கு இன்னும் நிறைய பூர்ணாக்கள் தேவைப்படுகிறார்கள்.

இப்போது கையில் ஒரு நாவலை வைத்துக்கொண்டு, மறுப்புகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு வார்த்தை. எல்லோருக்கும் ஒரே நாளில் அனுப்பிவிடாதீர்கள். எட்டுப் பத்துப் பேராகப் பிரித்து அனுப்புங்கள். யாருக்கு, எந்தத் தேதியில், எதை அனுப்பினீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஒருவரும் மேற்கொண்டு பக்கம் கேட்கவில்லை என்றால் திருத்த வேண்டியது கடிதத்தை. அதன்பிறகு முதல் பத்துப் பக்கத்தை. முழுப் பிரதியைப் படித்த மூன்று நான்கு பேர் ஒரே இடத்தைச் சுட்டிக்காட்டினால் மட்டும் நாவலைத் திறங்கள். அதுவரை அடுத்த நாவலை எழுதிக்கொண்டிருங்கள். பிரதியின் நகல் ஒன்றை, நீங்களே கேட்டாலும் அழிக்க மறுக்கக்கூடிய ஒரு நண்பரிடம் கொடுத்து வையுங்கள்.